நாலும் பத்தும்

வென் யூசியா பதினெட்டு வருடங்களாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு தகட்டுக்குக் கால் தேக்கரண்டி.

குவேய்ஷானில் மலைச்சரிவை ஒட்டியிருந்த அந்தத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் செம்புத் தகடுகள் செய்தார்கள். பார்த்தால் ஒற்றைத் தகடு. உண்மையில் இரண்டு மெல்லிய தகடுகள், ஓரம் மட்டும் ஒட்டியவை. உள்சுவர்களில் செம்புத்தூளைச் சூளையில் சுட்டுப் படிய வைத்திருப்பார்கள். அது பஞ்சுபோல நீரை இழுக்கும். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் வழியாக யூசியாவின் இயந்திரம் நீரை விடும், காற்றை உறிஞ்சும், குழாயை நசுக்கி அடைக்கும். காற்றில்லாத இடத்தில் நீர் கொதிக்க நூறு டிகிரி தேவையில்லை. காய்ச்சல்காரன் நெற்றியைவிடக் கொஞ்சம் அதிகமான சூடு போதும்.

கணினியில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் சில்லு சூடேறினால், அதன்மேல் அழுந்தியிருக்கும் தகட்டுக்குள் நீர் ஆவியாகும். ஆவி நாலாபுறமும் ஓடிக் குளிர்ந்த பக்கத்தில் மறுபடி நீராகும். செம்புத்தூள் அதைச் சூடான இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரும். தகட்டின் மேல் அடுக்கிய மெல்லிய இலைகளும் காற்றாடிகளும் வெப்பத்தை வெளியே தள்ளும். யாரும் திறந்து பார்க்காமல், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், வருடக்கணக்கில் இப்படியே நடக்கும். நீர் கொஞ்சம் குறைந்தால் மட்டும் ஒரு நாள் நடு இடம் காய்ந்துபோகும். அதைத் தொழிற்சாலையில் ‘வெறும் பாத்திரம் எரியுது’ என்பார்கள்.

தகட்டுக்கு அவர்கள் மொழியில் மூன்று எழுத்தில் பெயர். நடு எழுத்து ‘வென்’. வெதுவெதுப்பு என்று பொருள். யூசியாவின் குடும்பப் பெயரும் அதே எழுத்துதான்.

“உலகத்துல எந்தப் பய கம்ப்யூட்டர்ல சுட்டு வெளையாடினாலும் வேகுறது உன் சொந்தக்காரங்கதான், யூசியா” என்பார் லைன் தலைவர் லூ பாவ்ஷான். அவருக்கும் அவள் வயதுதான். அவளோடு ஒரே வருடம் சேர்ந்தவர்.

“அவ்வளவு சொந்தம் இருந்தா நான் ஏன் ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வரேன், லூ அண்ணே?”

ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தியதில்லை. கணவன் அச்சு வார்க்கும் வேலைக்குக் கடல் தாண்டித் தோங்குவான் நகரத்துக்குப் போனவன். முதல் மூன்று வருடம் புத்தாண்டுக்கு வந்தான். நாலாம் வருடம் ஒரு பெட்டி உலர்ந்த லிச்சி அனுப்பினான். அதற்குப் பிறகு அங்கே ஒரு குடும்பம் இருப்பதாகக் கேள்விப்பட்டாள். மணவிலக்கு என்று எதுவும் நடக்கவில்லை. அடையாள அட்டையின் பின்பக்கத்தில் துணைவர் என்ற இடத்தில் இன்னும் அவன் பெயர்தான். தபால் நிலையத்திலோ மருத்துவமனையிலோ அட்டையை நீட்டும்போது முன்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டு விரலை மேலே வைத்துக்கொள்வாள். மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே ஓர் அறை. மூடியிருக்கும் அறைக்குள் காலையில் தனக்குத்தானே பேசியது மாலையிலும் அப்படியே கிடக்கும். பேச வேறு ஆள் கிடையாது.

ஹுவே வந்தபிறகுதான் யூசியாவின் ஏழாம் எண் இயந்திரத்தருகே பேச்சுச் சத்தம் கேட்டது. வியட்நாமின் ங்கே ஆன் பகுதிக்காரி, இருபத்தொன்பது வயது, மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவள். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி தகடுகளை அடுக்குவாள், மற்றவள் திரையைப் பார்ப்பாள். யாருடைய அட்டையைக் காலையில் தேய்க்கிறார்களோ அன்றைய பதிவெல்லாம் அவர் பெயரில். மதியம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து உணவுப் பெட்டியைத் திறப்பார்கள். ஹுவே தன் பையிலிருந்து மீன் சாற்றுக் குப்பியை எடுப்பாள்.

“அக்கா, உங்க ஊர்ச் சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு. இந்தாங்க, ரெண்டு சொட்டு.”

“நாத்தம்டி.”

“உங்க முட்டைக்கோசுல நாத்தமும் இல்ல, ருசியும் இல்ல. பாவம்.”

யூசியா மூக்கைச் சுளித்துக்கொண்டே பெட்டியை நீட்டுவாள்.

யூசியாவின் மொழியில் நாலும் பத்தும் நாக்கின் ஒரு மடிப்பிலும் குரலின் ஓர் இழுப்பிலும்தான் பிரிகின்றன. அவர்கள் இருந்த தீவில் நாக்கை மடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் காய்கறிக் கடையில்கூட எண்ணைச் சொன்ன கையோடு நாலு விரலைக் காட்டுவார்கள், அல்லது இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்துப் பத்து என்பார்கள். தொழிற்சாலையில் எல்லோரும் வாயை மூடித் துணி கட்டியிருப்பதால் விரல் இல்லாமல் எண் கிடையாது. ஹுவேக்கு இது பெரிய வேடிக்கை.

“உங்க பாஷையில குரல் நாலு விதம்தான். எங்களுக்கு ஆறு. நீங்கல்லாம் பாதிக் காதுக்காரங்க, அக்கா.”

முன்னோர் கல்லறைகளைக் கூட்டும் பங்குனி விழா முடிந்த வாரம் அது. காலை பத்தே கால் மணி. இயந்திரத்தில் தேய்த்திருந்தது ஹுவேயின் அட்டை. அவள் கழிப்பறைக்குப் போயிருந்தாள். சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. பொறியாளர் தூ செங்யென். தெற்குப் பக்கத்து ஆள், முப்பது தாண்டாதவர், எப்போதும் இன்னொரு கூட்டத்துக்குத் தாமதமானவர்.

“ஏழாம் நம்பரா? தண்ணி கொஞ்சம் அதிகமா இருக்கு. அதுலேர்ந்து பத்துக் கொறைங்க. தாள் பின்னாடி வரும்.”

அவள் காதில் விழுந்தது அதுதான். பின்னால் காற்றை உறிஞ்சும் பம்புகளின் இரைச்சல். திரும்பக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால், இத்தனை வருடம் ஆகியும் இவளுக்கு எண் புரியவில்லை என்று அந்தப் பையன் நினைப்பான்.

“சரி சார்” என்றாள். திரையில் நீரின் அளவு நூற்றிருபது என்று இருந்ததை நூற்றுப்பத்து ஆக்கினாள். நிரப்பிய தகட்டை எடை பார்க்கும் இயந்திரமும் அவள் கொடுத்த எண்ணையே நம்பியது. எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. ஹுவே வந்ததும் யூசியா அடுக்கும் பக்கம் போய்விட்டாள். மதியத்துக்கு மேல் வேறு அளவுத் தகடு ஓடியது. மாலையில் வந்த தாளை லூ அண்ணன் படித்துப் பார்க்காமல் கோப்பில் சொருகினார்.

ஆறு வாரம் கழித்துத் தகடுகள் திரும்பி வந்தன. கார்டை நிற்க வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியவில்லை. வாடிக்கையாளர்களின் கணினிப் பெட்டிக்குள் சில்லு மேலேயும் தகடு கீழேயுமாகப் படுக்க வைத்ததும் நீர் மேல்நோக்கி ஏறவேண்டியிருந்தது. நீர் போதவில்லை. நடு இடம் காய்ந்து, சில்லு நூற்றுப் பத்து டிகிரியைத் தொட்டு, காற்றாடி அலறி, படம் உறைந்து நின்றது. தூ செங்யென் ஒரு தகட்டின் குழாயை வெட்டி, அடுப்பில் காயவைத்து, முன்னும் பின்னும் எடை பார்த்தார். நாலு குறைந்திருக்க வேண்டிய இடத்தில் பத்துக் குறைந்திருந்தது. பதிவேட்டில் ஹுவேயின் எண்.

“நான் நாலுன்னுதான் சொன்னேன்” என்றார் தூ. “ஒரு பொண்ணு குரல் சரின்னுச்சு.”

“யாரு குரல்?” என்றார் லூ.

“வாயில துணி கட்டின குரல்.”

ஏழாம் இயந்திரத்துக்கு முன்னாலேயே விசாரணை நடந்தது. யூசியா தகடுகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். தூ ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு நாலு, பத்து என்று மாற்றி மாற்றிச் சொன்னார். ஹுவே விரலைக் காட்ட வேண்டும். இருபது தடவை. இருபதும் சரி.

“இப்ப நான் சொல்றேன். நீங்க காட்டுங்க” என்றாள் ஹுவே.

லூ பத்துத் தடவையில் மூன்று தடவை தப்பாகக் காட்டினார். அடுத்த இயந்திரத்துக்காரர்கள் சிரித்தார்கள். லூவும் சிரித்துவிட்டுக் கையைப் பையில் விட்டுக்கொண்டார். “காது நல்ல காதுதாம்மா. ஆனா பதிவுல உன் நம்பர்தானே இருக்கு? ஆபீஸ்ல அதத்தான் பாப்பாங்க.” ஆவணியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று மேலே பேச்சு நடப்பதாகவும் சொன்னார்.

அன்று மதியம் ஹுவே உணவுப் பெட்டியைத் திறக்கவில்லை.

“அக்கா, அன்னிக்கு நான் இல்லாதப்ப யாராவது வந்து மெஷினத் தொட்டாங்களா? போன் கீன் வந்துச்சா?”

யூசியா ஊறுகாய்க் கீரையைக் குச்சியால் கிளறினாள். சொல்லிவிட்டால் தன்னை இந்த மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது முதலில் தோன்றியது. இந்தப் பெண் எதிரே உட்காரமாட்டாள் என்பது அடுத்துத் தோன்றியது.

“ஞாபகமில்லடி” என்றாள்.

ஹுவே தலையாட்டினாள். நம்பினாள். ஐந்து நாட்கள் அவர்கள் அதே மேசையில் சாப்பிட்டார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் வரைந்த எருமைப் படத்தை ஹுவே செல்போனில் காட்டினாள். “அம்மா ஆவணியில வந்துடுவியான்னு கேக்குறா. சந்தோஷமா கேக்குறா, அக்கா. அவளுக்கு என்ன தெரியும். வீட்டுக்குக் கூரை பாதிதான் போட்டிருக்கு.” யூசியா படத்தைப் பெரிதாக்கி எருமையின் கொம்பைப் பார்த்தாள். நல்ல கொம்பு என்றாள். குப்பி நீண்டபோது பெட்டியை நீட்டினாள்.

ஆறாம் நாள் காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் லூவின் மேசைக்குப் போனாள்.

“லூ அண்ணே, போனை எடுத்தது நான்தான்.”

லூ சோயாப் பால் குடித்துக்கொண்டிருந்தார். குழலை வாயிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.

“எந்தப் போனை?”

“தூ சார் போனை. நாலுன்னாரு. நான் பத்துன்னு கேட்டேன். ஹுவே கக்கூசுக்குப் போயிருந்தா.”

“ஒனக்கா கேக்கல? பதினெட்டு வருஷமா?”

“கேட்டுச்சு. தப்பாக் கேட்டுச்சு.”

அவர் சுற்றிலும் பார்த்தார். “இங்க பாரு. இதை என்கிட்ட வாயால சொன்னே. நான் காதுல வாங்கிக்கல. அந்தப் பொண்ணு சின்ன வயசு, ஏஜென்ட் வேற ஃபேக்டரி பாத்துக் குடுப்பான். ஒனக்கு அம்பத்திரண்டு. எழுதிக் குடுத்தா அப்புறம் யாராலயும் கிழிக்க முடியாது.”

“தாள் குடுங்க.”

“பிடிவாதம். இந்தப் பிடிவாதத்துக்குத்தான் ஒன் புருஷன்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். “தாள் அந்த அலமாரியில இருக்கு. தேதியச் சரியா எழுது.”

நின்றபடியே எழுதினாள். எட்டு வரி. நாலையும் பத்தையும் எழுத்தில் எழுதும்போது குழப்பமே இல்லை. கடைசியில் ஒன்று சேர்த்தாள்: ஹுவே கேட்டபோது எனக்குத் தெரியும், தெரியாது என்று சொன்னேன். லூ படித்துவிட்டு, “இது தேவையா? யாரும் கேக்கலையே” என்றார்.

“அதுவும் இருக்கட்டும்.”

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. ஹுவேக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. தொலைபேசியில் எண் சொல்லக்கூடாது என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார்கள். தூ செங்யென் அதில் முதலாவதாகக் கையெழுத்திட்டார். யூசியாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழ்த்தளத்தில் சூடு பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். தகடுகளை நிற்க வைத்து, படுக்க வைத்து, கவிழ்த்து, ஆறு நிலைகளில் சூடேற்றிக் காய்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு நிலைக்கு நாற்பது நிமிடம். ஒரு ஆள் போதும்.

செய்தி வந்த அன்று மதியம் யூசியா வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஹுவே உணவுப் பெட்டியோடு வந்து நின்றாள். உட்காரவில்லை.

“எழுதிக் குடுத்ததுக்கு நன்றி. லூ அண்ணன் படிக்கக் குடுத்தாரு.”

“உக்காரு.”

“நான் கேட்டேன்ல, அன்னிக்கு?”

“கேட்டே.”

“ஞாபகமில்லன்னீங்க.”

“ஆமா.”

“நான் எங்கம்மாகிட்ட போன்ல சொன்னேன், எல்லாரும் கைவிட்டாலும் இங்க அக்கா ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுறாங்கன்னு. அஞ்சு நாளும் சொன்னேன்.” அவள் குரல் உயரவில்லை. “என் மீன் சாறையும் ஊத்திக்கிட்டீங்க.”

யூசியாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நீ எதிரே உட்காரமாட்டாய் என்று பயந்தேன் என்பது. அதைச் சொல்வதற்கு இப்போது இடமில்லை. எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

“தப்புதான்” என்றாள்.

“தெரியும். எழுதியிருந்தீங்க.” ஹுவே பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, சன்னலோரம் தன் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்த நீள மேசைக்குப் போனாள். அங்கே யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எதற்கோ சிரித்தார்கள். ஹுவேயும் சிரித்தாள். யூசியாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அதனால் கோபப்படவும் முடியவில்லை.

கீழறையில் சன்னல் இல்லை. தகடுகள் தாங்கிகளில் சாய்ந்து நிற்க, திரையில் கோடுகள் மெல்ல ஏறி ஓரிடத்தில் சமமாக நின்றன. கோடு நிற்கவில்லையென்றால் அந்தத் தகட்டை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுவாள். உள்ளே நீர் போவதும் வருவதும் அவளுக்குக் கேட்காது. இருந்தும் சிலசமயம் கையுறையைக் கழற்றிவிட்டுத் தகட்டின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்ப்பாள். நடு இடம் எவ்வளவு சூடோ ஓரமும் அவ்வளவு சூடு. அந்த அறையில் சூடாக இருந்தவை தகடுகள் மட்டும்தான். குளிர்சாதனம் இரவுபகலாக ஓடியது.

ஆவணியில் ஒரு காலை, தொழிற்சாலைப் பேருந்தில் படியேறும்போது ஹுவே முன் இருக்கையில் இருந்தாள். கண்கள் சந்தித்தன. ஹுவே மரியாதையாகத் தலை தாழ்த்தினாள்.

“காலை வணக்கம், வென் மேடம்.”

பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் முதுகில் இடித்தார்கள்.

“வணக்கம்” என்றாள் யூசியா. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தாள்.