கும்மாளத்தில் முதலிடம்

பிரிட்டா ஹாகன்சன் என் வீட்டு மாடியறைக்குக் குடிவந்து இது மூன்றாவது வருஷம். டன்மோர் பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிக்கிறாள். காலை நாலரைக்கு எழுந்து, விடுதிச் சமையற்கட்டில் முந்நூறு பேருக்கு முட்டை கிண்டுவாள். எட்டு மணிக்கு வகுப்பு, மதியம் ஆஸ்பத்திரியில் பயிற்சி, ஒன்பதுக்கெல்லாம் தூக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி துவைக்கப் போவாள். அன்றைக்குத்தான் மெஷின் காலியாக இருக்குமாம்.

ஒரே ஒரு முறை மாடியில் கூச்சல் தாங்காமல் படியேறிப் போனேன். ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எந்த எலும்புக்கு என்ன பேர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் பாதி தின்ற பாப்கார்ன் கிண்ணம். என் வீட்டில் நடந்த கும்மாளம் அவ்வளவுதான். குடிக்கிற பிள்ளைகளே இல்லை என்று சொல்லமாட்டேன். எதிர் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். பரீட்சை வந்தால் அவர்களும் பூனையாகிவிடுவார்கள்.

இந்த லட்சணத்தில், போன ஆகஸ்டில் எந்தக் கல்லூரியில் குடியும் கூத்தும் அதிகம் என்று ஒரு பத்திரிகை இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, நாட்டிலேயே கும்மாளத்தில் முதலிடம் டன்மோருக்குத்தான் என்று அறிவித்தது.

பிரிட்டாவின் அப்பா லைல், நாலு மணி நேரப் பயண தூரத்தில் சோளம் போட்டு, பன்றி வளர்க்கிறவர். அவரும் டன்மோரில் படித்தவர்தான். சர்ச்சில் காபி குடிக்கும்போது யாரோ அந்தப் பட்டியலைக் காட்டி, "உங்க பொண்ணு அங்கதானே இருக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். மனுஷனுக்கு மானம் போய்விட்டது. பழைய மாணவர்கள் கூடும் அக்டோபர் சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், சரிப்படவில்லை என்றால் பெட்டி படுக்கையோடு கூட்டிப்போய் ஊர்ப்பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பதாகவும் மகளிடம் சொல்லிவிட்டார். அந்தக் கல்லூரியில் நர்சிங் கிடையாது. பிரிட்டா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை டன்மோரின் கால்பந்து ஆட்டம் இரண்டு மணிக்கு. ஆனால் எட்டு மணிக்கே மைதானத்தைச் சுற்றி வண்டிகள் வந்துவிடும். பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பு மூட்டி, சாசேஜ் சுட்டுக்கொண்டு பீர் குடிப்பார்கள். குடிப்பது யார் என்கிறீர்கள்? ஐம்பது வயதுப் பல் டாக்டர்கள், இன்சூரன்ஸ்காரர்கள், பேரன் எடுத்தவர்கள். மாணவர்கள் வண்டிகளுக்கு வழிகாட்டுவார்கள், காலி டின் பொறுக்குவார்கள், பெரியவர்கள் எடுத்த வாந்தியின் மேல் மரத்தூள் போடுவார்கள்.

லைல் என் புல்தரையில் வண்டியை நிறுத்தினார். பின்னால், மகளின் சாமான்களைக் கட்டிக்கொண்டுபோக நாலு காலி அட்டைப்பெட்டிகள். கூட அவருடைய பழைய அறைத்தோழர் டுவைட்.

"மேடம், பொண்ணு எங்க?"

"முதலுதவிக் கூடாரத்துல டியூட்டி."

"டியூட்டியா? அங்க என்ன கூத்து நடக்குதுன்னு நானே போய்ப் பாக்கறேன்" என்றார், கையில் பீர் டின்னோடு.

ஒன்றரை மணிக்குக் கூடாரத்துக்கு ஐஸ் கொண்டுபோனேன். லைல் அப்போதுதான் முதல்முறையாக அங்கே வந்தார். அதுவரை வழியிலேயே நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அவர் தோளில் துணிமூட்டையாக டுவைட் தொங்கிக்கொண்டிருந்தார். பிரிட்டா டுவைட்டைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாடி பார்த்து, வாயைத் துடைத்துவிட்டாள்.

டுவைட் ஒரு கண்ணைத் திறந்தார். "லைலோட பொண்ணா? உங்க காலேஜ் முதலிடம் வந்துச்சே, யாரால? எங்களாலதாம்மா. உங்கப்பா மட்டுமே நாப்பது ஓட்டு."

"டேய், வாயை மூடுடா" என்றார் லைல்.

"ஏன் மூடணும்? ரிக்லிக்காரன் ஜெயிச்சிருப்பான். விட்ருவோமா?"

ரிக்லி பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகம், டன்மோரின் ஜென்ம விரோதி. எந்த ஊர்ச் சாக்கடை அதிகம் நாறுகிறது என்று போட்டி வைத்தாலும் எங்கள் பழைய மாணவர்கள் ரிக்லியை ஜெயிக்க விடமாட்டார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிரிட்டாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அது... ரிக்லி முன்னால போயிட்டிருந்துச்சும்மா" என்றார் லைல்.

பிரிட்டா கையுறையைக் கழற்றினாள்.

"அப்பா, வாராவாரம் போன் பண்றீங்க. குடிச்சியா, யார்கூடப் போனேன்னு கேக்கறீங்க. மூணு வருஷத்துல என்ன படிக்கிறேன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

வெளியே மேளச் சத்தம் கிளம்பியது. கூட்டம் மைதான வாசலை நோக்கி நகர்ந்தது. முப்பது வருஷமாக ஆட்டத்தின் தொடக்கத்தை ஒரு தடவையும் தவறவிடாத மனுஷன், டுவைட்டின் கால்மாட்டில் இருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு. இப்ப என்ன படிக்கிற?"

"கிட்னி."

"எனக்குப் புரியுமா?"

"நம்ம பன்னிக்கும் அதேதான்ப்பா."

மைதானத்தில் ஊரே அதிரும்படி ஒரு கூச்சல் எழுந்தது. லைல் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு இருக்குமே. ஒண்ணு போதாதா?" என்று கேட்டார்.