விட்டுப்போன பாறை மூலை

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் பத்திரம் எழுதும் கடை ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்ச், சுற்றுகிற நேரமெல்லாம் முனகிக்கொண்டே இருக்கும் மின்விசிறி. அந்த மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவளை ஊரே டைப்பிஸ்ட் அக்கா என்று கூப்பிடுகிறது. பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் முறைத்துப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டாள்.

அந்த வட்டாரத்தில் நில விலை ஏறினால் முதலில் தெரிவது அவள் விரல்களுக்குத்தான். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே கிடந்த மேட்டு நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் சீந்த ஆளில்லை. கல்லும் முள்ளும் தவிர அதில் எதுவும் கிடையாது. புறவழிச்சாலை வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. சாலை வரவில்லை, விலை வந்துவிட்டது. ஒரே துண்டு ஒரே வருஷத்தில் மூன்று கை மாறியது. யாரும் ஒரு செடி நடவில்லை, ஒரு செங்கல் வைக்கவில்லை. வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கார் நிற்கிற இடம் அந்தக் காரைவிட அதிக விலை போனது.

"சைபர் சேர்க்க எனக்கு ஒரு விரல் போதும். அந்த சைபரை சம்பாதிக்கத்தான் பத்து விரலும் பத்தல" என்று அவள் அலுத்துக்கொள்வாள். கடைக்காரர், பத்திரம் எழுதும் உரிமம் வைத்திருக்கும் பெரியவர், எல்லோருக்கும் ஐயா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரிப்பார். உரிமம்தான் அவருடையது. வேலை முழுக்க அவளுடையது.

அவள் குடியிருந்தது வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில். மொத்தம் முப்பத்தாறு படி. கணவர் பஸ் ஓட்டி ஓட்டி முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தவர். காலையில் பேப்பர் வாங்க இறங்கினால், திரும்பி ஏறுவதற்குள் அந்தப் பேப்பர் பழசாகிவிடும் என்று அவரே கேலி செய்வார். போன மாதம் வீட்டுக்காரருக்கும் விலை ஜுரம் பிடித்தது. கட்டடத்தை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் கீழ்த்தள வீட்டுக்குக் கேட்ட முன்பணத்தைக் கேட்டு அவள் திறந்த வாய் மூடவில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதன் பெயர் பாறை மூலை.

அப்பா விட்டுப்போன மேட்டு நிலம் நாலு ஏக்கர், அதன் ஒரு மூலையில் வெறும் பாறை. பிள்ளைகள் இரண்டே பேர், அண்ணனும் அவளும். அப்பா போன வருஷம், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான், உன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்தால் நிலத்தை அடகு வைத்து ஒரு தொழில் பார்ப்பேன் என்று. அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விடுதலைப் பத்திரத்தைத் தானே தட்டச்சு செய்தாள். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது, நடுவில் கார்பன் தாள் வைத்த தட்டச்சு இயந்திரம். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தான். "பாப்பா, அந்தப் பாறை மூலை உனக்குத்தான். வீடு கட்டுறப்ப ஒரு வார்த்தை சொல்லு போதும்" என்றான். ஐம்பது வயதுக்காரியை இன்றைக்கும் பாப்பா என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

கடைக்கு வருகிறவர்களிடம் அவள் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு. "வாய்ச்சொல்லை நம்பாதீங்க. மாமனாரா இருந்தாலும் மச்சானா இருந்தாலும் எழுதி வாங்கிக்குங்க." ஊருக்கெல்லாம் எழுதி வாங்கிக் கொடுத்தவள் தனக்கு ஒரு துண்டுக் காகிதம் வாங்கவில்லை. கூடப்பிறந்தவனிடம் போய் எழுதிக் கேட்பதா என்று கூச்சம்.

விலை ஏற ஏற அண்ணன் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றான். ஒவ்வொரு பத்திரமும் அவள் மேசைக்குத்தான் வந்தது. விற்கிறவனுக்கு உரிமை எப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுத வேண்டும். 'எனது சகோதரி என்பால் கொண்ட அன்பின் பேரில், எந்தப் பிரதிபலனும் பெறாமல், தன் பாத்தியதையை எனக்கு விடுதலை செய்து கொடுத்த வகையில்' என்று தன்னைப் பற்றித் தானே ஏழு தடவை அடித்தாள். "அதைச் சேமிச்சு வெச்சுக்கம்மா, ஒவ்வொரு தடவையும் எதுக்கு விரலை ஒடிச்சுக்குற?" என்றார் ஐயா. அவள் சேமித்து வைக்கவில்லை. ஏழு தடவையும் புதிதாகவே அடித்தாள். அடித்து முடித்ததும் அண்ணன் டீ வாங்கிக் கொடுப்பான். அதோடு சரி.

எட்டாவது தடவை அவன் வந்தபோது முகத்தில் சந்தோஷம் வழிந்தது. மனை போட்டு விற்கும் கம்பெனி ஒன்று மிச்ச நிலம் முழுவதையும் கேட்கிறதாம். நில எண்களை அவன் வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள். கடைசி எண்ணில் விரல் நின்றது.

"அண்ணே, இது பாறை மூலை எண்ணாச்சே?"

"ஆமா பாப்பா. ரோட்டுப் பக்கம் அதுதான் முகப்பாம். அது இல்லேன்னா எதுவுமே வேண்டாங்கிறான். உனக்கு வேற எடத்துல பாத்துக்கலாம்."

"வேற எடம் உனக்கே ஏது?"

"இருக்கும், இருக்கும். பாக்கலாம். நீ அடி."

அவள் அடித்தாள். ஏன் அடித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. களைப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். சண்டை போடுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு நாள் கழித்து அண்ணன் கடைக்குள் புயலாக வந்தான். கம்பெனி வக்கீல் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய விடுதலைப் பத்திரத்தில் பாறை மூலையின் எண்ணே இல்லையாம். மற்ற எண்கள் எல்லாம் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. அப்படியானால் அந்த மூலையில் பாதி இன்னும் தங்கைக்குத்தான் சொந்தம் என்கிறாராம்.

அவள் அலமாரியிலிருந்து கார்பன் நகலை எடுத்தாள். மை நீலம் வெளுத்துப்போயிருந்தது. வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாள். இல்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அன்றைக்கு அப்பாவின் வரி ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எண்களை அடித்தாள். பட்டா அப்பா பேரில் இருந்தாலும் பாறைக்கு வரி கிடையாது. வரி இல்லாததால் ரசீதில் இல்லை, ரசீதில் இல்லாததால் பத்திரத்திலும் இல்லை. அதை அப்போது யாரும் நிலம் என்றே நினைக்கவில்லை, ஆடு ஏறி நிற்கிற கல் என்றுதான் நினைத்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் தான் அடித்த ஒரு பத்திரம்கூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கர்வம். அதுவும் இன்றைக்குப் போனது.

"அப்பவே திட்டம் போட்டு விட்டுட்டியா?" என்றான் அண்ணன்.

பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. திட்டம் என்று சொன்னால் திருடி. தப்பு என்று சொன்னால் வேலை தெரியாதவள். இரண்டில் எது வேண்டும் என்று அவன் நிற்கிறான்.

"தப்புதாண்ணே. நான் பண்ண தப்பு."

அண்ணன் பெருமூச்சு விட்டான். குரல் உடனே குழைந்துவிட்டது. "அவ்வளவுதானே பாப்பா. நீ பண்ண தப்பை நீயே சரி பண்ணிடு. பிழைதிருத்தல் பத்திரம் ஒண்ணு அடிச்சுக் கையெழுத்துப் போடு. பத்து நிமிஷ வேலை."

ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அவள் அடிக்க ஆரம்பித்தாள். பழைய வாசகம்தான், தூக்கத்தில்கூட வரும். 'அன்பின் பேரில், எந்தப் பிரதிபலனும் பெறாமல்' என்ற இடம் வந்தது. கை நின்றது. கோபம் வரவில்லை. அந்த முப்பத்தாறு படிதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று, கைப்பிடியைப் பற்றி, வலிக்கவில்லை என்பதுபோல் ஏதாவது கேலி பேசுகிற மனுஷனும் நினைவுக்கு வந்தார். அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணே, இது வேண்டாம். பாகப்பிரிவினை எழுதிக்கலாம். மூலையில பாதி எனக்கு, பாதி உனக்கு. மூலை முழுசும் தர்றேன்னு சொன்னே, அது வேண்டாம். எனக்கு உள்ள பாதி போதும்."

"என்ன பேசுற நீ? கூடப்பிறந்தவன்கிட்ட பத்திரமா கேக்குற?"

"கூடப்பிறந்தவகிட்டதானே நீயும் பத்திரம் வாங்கினே?"

பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் திரையில் இருந்ததை அழித்தாள். பிறகு பெஞ்சில் இருந்த முதல் ஆளைக் கூப்பிட்டு, "உங்க பேரு?" என்றாள்.

அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டு எண்ணை விட்டிருக்கிறாள், என்ன மூளை என்று சிலர் மெச்சினார்கள். அந்த மெச்சல் வசவைவிட வலித்தது. டீக்கடைக்காரர்கூட, "அக்கா, எனக்கும் இப்படி ஒரு தப்பு பண்ணிக் குடுங்களேன்" என்றார். அவள் சிரித்து வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வந்தான். கம்பெனி பாதி முகப்போடு ஒத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி விலையைக் குறைத்துவிட்டதாம். வழக்கமாக அவள் மேசையோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவன் அன்று பெஞ்சில் போய் உட்கார்ந்தான், முன்பின் தெரியாத வாடிக்கையாளர் மாதிரி.

"பாகப்பிரிவினை அடிக்கச் சொல்லுங்க ஐயா. அவங்க கேட்டபடியே" என்றான்.

அவங்க என்றால் யார் என்று ஐயா ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு மட்டும் உடனே தெரிந்தது.

அடித்தாள். எண்ணை மூன்று தடவை சரிபார்த்தாள். நீளம் அகலத்தை மறக்காமல் சேர்த்தாள். நாலு எல்லையும் போட்டாள். முன்னால் அடித்த ஏழு பத்திரத்திலும் ஏதாவது ஒரு பக்கம் 'என் மீதி நிலம்' என்று அண்ணனுடைய நிலம் எல்லையாக வரும். இதில் வரவில்லை. ஒரு பக்கம் ரோடு, மற்ற மூன்று பக்கமும் கம்பெனிக்குப் போகப்போகிற மனை.

கையெழுத்துக்கு முன்னால் பத்திரம் முழுவதையும் வாசித்துக் காட்டுவது அந்தக் கடையின் வழக்கம். ஐயாவுக்குக் கண் மங்கிய பிறகு அவள்தான் வாசிக்கிறாள். இழுக்காமல், நிறுத்தாமல், மழை பெய்கிற மாதிரி ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போனாள். பாகப்பிரிவினைக்கு என்று கடைசியில் ஒரு வாசகம் உண்டு. ஆயிரம் தடவை அடித்தது.

"இன்று முதல் நமக்குள் உறவுமுறை தவிர, மேற்படி சொத்து சம்பந்தமாக வேறு எந்தப் பாத்தியமும் இல்லை."

"ஐயா," என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடியே. "அந்த உறவுமுறைங்கறதையும் எடுத்துடச் சொல்லுங்க."

மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. ஐயா அவளைப் பார்த்தார். அவள் தாள்களை அடுக்கி, விளிம்பு சேரும்படி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அதை எடுக்க முடியாதுண்ணே. எல்லாப் பாகப்பிரிவினையிலயும் இருக்கும். எடுத்தா தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

அவன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான், விரல் ரேகை வைத்தான். அவளும் போட்டாள். மையைப் பெஞ்சின் ஓரத்தில் தேய்த்துத் துடைத்துவிட்டு, அவளுக்காக நிற்காமல் எதிரே பதிவு அலுவலகத்துக்கு நடந்தான். டீக்கடைக்காரர் வழக்கம்போல இரண்டு கிளாஸ் போட்டுக் கொண்டுவந்தார். அவள் ஒன்றைக் குடித்தாள். இன்னொன்று ஆடை கட்டும் வரை மேசையில் இருந்தது.