பலா இலையும் ஒரு முடிச்சு உப்பும்

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது, ரந்தாவ் பக்கம் எங்கள் தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். நாங்கள் அடைபட்டதைவிட என் இரண்டு செம்மறிகள் அடைபட்டதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். அதுவரை ரப்பர் மரங்களுக்கு நடுவே தாமாக மேய்ந்து வந்தவை. ஒன்று சினையாக வேறு இருந்தது. வெறும் தவிட்டைக் கரைத்து வைத்தேன். வயிறு உப்பி, அசை போடாமல் படுத்துவிட்டது. வெளியே போய்ப் புல் அறுக்கலாமென்றால், மரத்தடியெல்லாம் களைக்கு மருந்து அடித்திருந்தார்கள்.

"பலா எலயப் போட்டுப் பாருலா. நாரு உள்ள போனாத்தான் அசை போடும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு கட்டு ஒடித்து வந்தேன். அந்த மகாராணிகள் முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. அரை நாள் வாடவிட்டுக் கொஞ்சம் உப்புத் தூவச் சொன்னவளும் அவள்தான். தூவினேன், காம்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதிலிருந்து முந்தானையில் கல் உப்பை முடிந்துகொண்டுதான் ஆட்டுக் கொட்டகைக்குப் போவேன்.

பிறகு அந்த அக்காவுக்கு வேலிக் கேட்டில் பெண்களைச் சோதனை போடும் வேலை கிடைத்தது. அரிசி, சீனி, உப்பு எதுவும் வேலியைத் தாண்டக்கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறதாம். இரண்டாம் வாரமே தன் சொந்த நாத்தனாரின் தூக்குச்சட்டியில் சீனியைக் கண்டுபிடித்துப் போலீசில் கொடுத்தாள். நாத்தனார் ஜெயிலுக்குப் போனாள்.

"அவ மூஞ்சில முழிச்சா மரத்துல பாலுகூட எறங்காது" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னவள் நான். அது அவள் காதுக்கும் போனது.

ஒரு விடியற்காலை, ஆடுகளுக்கு இலை போட்ட அவசரத்தில் அப்படியே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். கேட்டில் அவள் கை என் முந்தானை முடிச்சில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பழிவாங்க அவளுக்கு இதைவிட நல்ல நாள் ஏது?

முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து பல்லால் அவிழ்த்தாள். காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரன் என்னவென்று கேட்டான். அவள் வாய் அசைந்தது. உப்புக்கல் அவள் பல்லில் நறநறவென்று அரைபட்டது என் காதில் விழுந்தது.

"பினாங், துவான்" என்று மலாயில் பாக்கின் பேரைச் சொன்னாள், பாக்கை மெல்கிறவளைப் போல. என்னைப் பிடித்து வெளியே தள்ளினாள். அன்று எத்தனை மரம் வெட்டினேனோ, தெரியாது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். உதடு வெளுத்து வெடித்திருந்தது.

"நாத்தனாரையே புடிச்சுக் குடுத்தீங்க. என்னை ஏங்க்கா விட்டீங்க?"

"அவ சீனி யாருக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. உன் உப்பு ஆட்டுக்குன்னு தெரியும். நாந்தானே சொன்னேன்." செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "இன்னொரு தடவ கொண்டாந்தே, புடிச்சுக் குடுத்துருவேன்."

மறுநாள் பெரட்டில் யாரோ ஒருத்தி, "அவ மூஞ்சில முழிச்சா பாலு எறங்காது" என்று சிரித்தாள். நான் கட்டிவிட்ட பேச்சுதான். இல்லையென்று சொல்ல வாய் துடித்தது. ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் அவளுக்குத்தான் ஜெயில். வாளியைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களோடு நின்றேன்.