ஆர்டர் வருமுன் வெடித்த சரம்

பிள்ளைகளா, நேற்று டிவியில் நீதிபதி நியமனம் பற்றிப் பேசத் தொடங்கியதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். என் கண்ணில் நின்றது ஒரு சரவெடி. நான் கோர்ட்டில் டவாலியாக, நீதிபதிக்கு முன்னே நடந்து வழிவிடச் சொல்பவனாக இருந்த காலத்தில், ஜட்ஜ் ஐயா வீட்டு வாசலில் வெடித்தது அது.

ஐயா அப்போது மாவட்ட நீதிபதி. மாவட்ட நீதிபதி ஐகோர்ட் நீதிபதியாகப் போக மனுப் போட முடியாது. சென்னையில் மூத்த நீதிபதிகள் பேரை அனுப்புவார்கள். அரசாங்கம் ஆளைப் பற்றி விசாரிக்கும். டெல்லியில் இருக்கிற மூத்த நீதிபதிகள் சம்மதிக்க வேண்டும். அதுவரை வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டியதுதான். ஐயா பேர் போயிருக்கிறது என்று காதில் விழுந்ததுமே, சிவகாசியிலிருந்து ஒரு பட்டாசு முதலாளி ஆட்களோடு வந்து வாசல் நீளத்துக்குச் சரத்தை விரித்துக் கொளுத்திவிட்டார். ஐயா பதறி ஓடி வந்தார்.

"யாருய்யா வெடிக்கச் சொன்னது? ஆர்டரே வரலையே!"

"அதெல்லாம் வந்துரும்யா. சீசனுக்கு முந்தியே லோடு அனுப்புறதுதான எங்க பழக்கம்" என்று சிரித்தார் முதலாளி.

ஐயா சிரிக்கவில்லை. அந்த முதலாளியின் மச்சினன் ஆமத்தூர்ப் பக்கம் வைத்திருந்த பட்டாசு ஆலையில் நடந்த விபத்து வழக்கு ஐயா முன்னால்தான் இருந்தது. தண்டித்தால் பழியைக் கழுவுகிறார் என்பார்கள். விட்டால் விலைபோனார் என்பார்கள். வெடித்த சங்கதியை ஐயாவே திறந்த கோர்ட்டில் சொன்னார். இரு தரப்பு வக்கீல்களும் ஆட்சேபனை இல்லை என்றார்கள். "ஆர்டர் வர்ற வரைக்கும் வாய்தா போட்டுருங்கய்யா, யாரு கேக்கப்போறா?" என்றார் தலைமை எழுத்தர். "எனக்காக வழக்கு காத்துக் கெடக்கணுமாக்கும்?" என்றார் ஐயா.

சாட்சியம் நிற்கவில்லை. மச்சினனுக்கு விடுதலை. வராந்தாவில், விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள், "வெடிச் சத்தத்துல ஒங்க காது அடைச்சுப்போச்சாய்யா?" என்று கத்தினாள். முன்னே நடந்த எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பின்னால் ஐயாவின் பூட்ஸ் சத்தம் ஒரு கணம் நின்றது, மறுபடி வந்தது.

ஐயா மேல் மொட்டைப் பெட்டிசன்கள் பறந்தன என்று பேசிக்கொண்டார்கள். கூடப் போன பேர்களெல்லாம் ஆர்டரில் வந்தன; அவர் பேர் வரவில்லை. காரணம் வெடியா, தீர்ப்பா, வேறு ஏதாவதா? யாரும் சொல்லவில்லை. எவ்வளவு சின்ன வழக்கானாலும் ஏன் இந்த முடிவு என்று பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். அவரைப் பற்றிய முடிவுக்கு ஒரு வரிக் காரணம்கூட அவர் கைக்கு வரவில்லை. நீதிபதி யாருக்கும் பயப்படக் கூடாது என்கிறோம். காரணம் சொல்லாத ஒரு மௌனத்துக்குப் பயப்படாமல் அவர் எப்படித் தீர்ப்பு எழுதுவார்? எனக்கு இன்றும் பிடிபடவில்லை. நீங்கள் படிக்கிற பிள்ளைகள், யோசியுங்கள்.

அவர் ஓய்வு பெற்ற அன்று சாயந்தரம், எல்லோரும் போனபின் கோர்ட் ஹாலைப் பூட்டப் போனேன். வழக்குக்கு வராதவர் பேரை வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிடுவது என் வேலை. ஆளில்லாத வராந்தாவைப் பார்த்து நின்று, அவர் பேரை, ஐயா என்று சேர்க்காமல், மூன்று தடவை கூப்பிட்டேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.