உடும்புக்குக் கயிறு பிடித்தவன்

பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எந்தக் குழந்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறது, எந்தக் குழந்தை இறங்கிய பிறகும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் அதிலிருக்கிற விபத்துதான் எனக்கு முதலில் தெரியும். மாடிப்படியைப் பார்த்தால் அதில் உருளப்போகிற ஆள் தெரிவான். இப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குத்தான் பாறை ஏறுகிற மச்சான் வந்து சேர்ந்தான்.

என் மனைவியின் ஒரே தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. முதலாளி எங்கள் நகரத்தில் புதுக் கிளை திறந்து, அவனை இங்கே மாற்றிவிட்டார். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் என் மனைவி. "தனியா ரூம் கீம்னு பேச்செடுத்தே, தொலைச்சுடுவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். துணி காயப்போடுகிற பின்னறையை ஒழித்துக் கொடுத்தோம். துணிமணிக்கு ஒரு பை, கயிறும் கொக்கியும் பட்டையுமாக மூன்று பைகள் என்று வந்து இறங்கினான்.

காலையில் டீ வருகிறவரை சும்மா நிற்கமாட்டான். கதவு நிலைக்கு மேலே விரல் நுனியை மட்டும் ஊன்றித் தொங்குவான். தொங்கிக்கொண்டே, "அக்கா, சர்க்கரை கம்மியா" என்பான். உடும்பு என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான். கோபித்துக்கொள்வான் என்று பார்த்தால், பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

அவனுடைய பழைய ஊரில் கடைக்குப் பின்னாலேயே மலை. ஷட்டரை இறக்கிவிட்டு நேரே பாறைக்குப் போய்விடுவானாம். எங்கள் நகரமோ தோசைக்கல் மாதிரி தட்டை. வந்த புதிதில் எதையோ தொலைத்தவன் போலத் திரிந்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அண்ணாந்து கட்டடங்களையே பார்த்துக்கொண்டு வருவான். எதைப் பார்க்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியின் காவல்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்.

"சார், இவரு உங்க வீட்டு ஆளா? மூணாவது மாடி சன்ஷேடுல தொங்கிட்டிருந்தாரு. திருடன்னு நினைச்சுக் கல்லெடுத்து அடிக்க இருந்தேன்."

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "கைக்குப் பழக்கம் விட்டுப்போயிடும் அக்கா, அதான்" என்றான் அவன், பிஸ்கட் திருடிய பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

அப்புறம் கண்ணாடிக்கடைக்கு வந்த யாரிடமோ விசாரித்து, ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். யாரோ பாறையேறிகள் உச்சியில் இரும்புச் சங்கிலிகூடப் பதித்து வைத்திருக்கிறார்களாம். இடம் கிடைத்துவிட்டது, கீழே நின்று கயிறு பிடிக்க ஆள்தான் இல்லை. பழைய ஊரில் ஒரு தபால்காரர் பிடிப்பாராம். அண்ணன் அண்ணன் என்று அவர் பேச்சுதான் எப்போதும். ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவே ஏறுவேன் என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க கூடப் போங்க."

"நானா? ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டவே எனக்குத் தலை சுத்தும்."

"உங்களை யாரு ஏறச் சொன்னது? கீழே நின்னு பிடிங்க. உங்களைவிடப் பயந்தாங்கொள்ளிக்கு நான் எங்கே போவேன்? பயந்தவன்தான் பிடிச்ச பிடியை விடமாட்டான்."

மச்சான் என்னை மேலும் கீழும் அளந்தான். "மாமா, உங்க வெயிட்டுக்கு நீங்கதான் சரியான ஆளு." இத்தனை வருஷமாக எல்லாரும் கிண்டலடித்த என் தொந்திக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை வந்தது.

விஷயம் கேட்பதற்கு எளிதுதான். பாறையின் பின்பக்கமாக நடந்துபோய், உச்சிச் சங்கிலியில் கயிற்றைக் கோத்து, இரண்டு முனைகளையும் கீழே போட்டுவிடுவான். ஒரு முனை அவன் இடுப்புப் பட்டையில். மறுபக்கம் என் இடுப்பிலிருக்கிற, கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற பூட்டு வழியாக என் கையில். அவன் ஏற ஏற நான் கயிற்றை இழுத்துக்கொண்டே வர வேண்டும். உச்சிக்குப் போனதும் கையை விட்டுப் பின்னால் சாய்வான். அவன் பாரம் முழுக்க என்மேல் வரும். மெல்ல மெல்ல இறக்க வேண்டும்.

முதல் தடவை அவன் கையை விட்டுச் சாய்ந்தபோது கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்றேன். வீட்டில் இருக்கிறவளுடைய முகம் கண்முன்னால் வந்தது. இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? வேனில் குழந்தைகளை ஏற்றினால் பிரேக் இருக்கிறது, ஹாரன் இருக்கிறது. இங்கே என் பத்து விரல்தான். பழகினால் சரியாகிவிடும் என்றான். சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றாலே வெள்ளிக்கிழமையே எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அவன் முகம் தெளிந்துவிட்டது. கடையில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தான், தெருப்பெயர்களைக் கற்றுக்கொண்டான். கல்குவாரி வந்த பிறகுதான் அவன் எங்கள் நகரத்துக்கே குடிவந்தான் என்று சொல்ல வேண்டும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். அவன் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முதலில் எட்டு எழுதின மாதிரி ஒரு முடிச்சு. மீதி முனையை இடுப்புப் பட்டைக்குள் நுழைத்து, போன வழியே திரும்பக் கொண்டுவந்து எட்டுக்குமேல் இன்னொரு எட்டாகப் பின்ன வேண்டும். நான் பாதை ஓரத்தில் அவன் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, வண்டியைப் பூட்டினியா?"

அவன் முடிச்சிலிருந்து கையை எடுத்துச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். சாவி இருந்தது. "பூட்டிட்டேன் மாமா. உங்களுக்கு ராத்திரி கனவுலயும் பூட்டுதான் வருமா?" சிரித்துக்கொண்டே பாறையில் கையை வைத்து ஏறத் தொடங்கினான்.

இரண்டு மாடி உயரம் போயிருப்பான். அப்போதுதான் அவன் முழங்கால்களுக்கு நடுவே ஏதோ ஆடுவதைப் பார்த்தேன். ஒரு முழக் கயிறு. என்றைக்கும் அங்கே அப்படித் தொங்கியதில்லையே என்று நினைத்தபடி, வழக்கம்போல இந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். தொங்கல் குட்டையானது. இன்னொரு இழுப்பு. இன்னும் குட்டையானது.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. முடிச்சு பாதியில் நிற்கிறது. பட்டைக்குள் நுழைத்தவன் திரும்பப் பின்னவில்லை. நான் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அவனைக் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டிருக்கிறேன்.

கையை நிறுத்தினேன். கொஞ்சம் கயிற்றைத் தளர்த்தியும் விட்டேன்.

"மாமா, கயிறு தொய்யுது! இழுங்க!"

இழுக்கவில்லை. சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அவன் நின்ற இடத்தில் கால் கட்டைவிரலுக்கும் விரல் நுனிக்கும்தான் பிடி. சொன்னால் கை நடுங்கும், நடுங்கினால் போச்சு. ஏறின வழியே இறங்கு என்று சொல்லவும் முடியாது. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று அவனே சொல்லியிருக்கிறான். உச்சியில் சங்கிலிக்குக் கீழே இரண்டு காலையும் வைத்து நிற்க ஒரு திட்டு இருக்கிறது. அங்கே போய்ச் சேரட்டும் என்று முடிவு செய்தேன்.

"பூட்டுல சிக்கிருச்சு மாப்ள. நீ பாட்டுக்கு ஏறு."

"அப்ப நிதானமா எடுங்க. நான் கயித்துல உக்காந்துக்கறேன்."

"உக்காராதே!"

நான் போட்ட சத்தம் குவாரி முழுக்க எதிரொலித்தது. அவன் குனிந்து பார்த்தான். அவன் சிரிப்பது கீழிருந்தே தெரிந்தது. "என்ன மாமா, இன்னைக்கு ரொம்பப் பயந்துட்டீங்க போல?"

"ஆமாப்பா, பயந்துட்டேன். சீக்கிரம் மேல போய்ச் சேரு, எனக்கு வேர்த்துக் கொட்டுது."

அது மட்டும் உண்மை. அவன் ஏறினான். எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஏறுகிறான் என்று தெரிந்து நான் கீழே நிற்கிறேன்; கையில் கயிறு இருக்கிறது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு இடத்தில் அவன் கால் வழுக்கி, பொடிக்கல் கொட்டியது. அவன், "அட" என்று சொல்லிவிட்டு வேறு இடத்தில் காலை ஊன்றினான். அவனைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை, விழுந்தால் மாமா பிடிப்பார்.

திட்டில் ஏறி நின்றான். "வந்துட்டேன்! இழுத்துப் பிடிங்க மாமா, சாயறேன்."

"கொக்கியைச் சங்கிலியில மாட்டு."

"எதுக்கு? நேரா இறங்க வேண்டியதுதானே?"

"மாட்டுடா!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை நான் டா போட்டதில்லை. ஒரு நொடி அசையாமல் நின்றான். பிறகு இடுப்பில் தொங்கிய குட்டைப் பட்டையின் கொக்கியை எடுத்துச் சங்கிலியில் மாட்டினான். டிக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்போ உன் முடிச்சைப் பாரு."

பார்த்தான். அப்புறம் அவனுடைய இடது கால் தையல் மெஷின் ஊசி மாதிரி உதற ஆரம்பித்தது. இரண்டு கையாலும் சங்கிலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"மாமா." அது அவன் குரல் மாதிரியே இல்லை. "எனக்குப் பயமா இருக்கு. கையை எடுக்க முடியல."

எனக்கு இதில்தானே அனுபவம். "பயம் இருந்தா இருக்கட்டும் மாப்ள. அதைப் போகச் சொல்லாதே. பயந்துகிட்டே வலது கையை மட்டும் எடு. கொக்கி உன்னைப் பிடிச்சிருக்கு. முனையை எடுத்துட்டியா? எட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குச் சொல்லு. சத்தமாச் சொல்லு, எனக்குக் காது கேக்காது."

ஒவ்வொரு வளைவையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். முடித்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். நானும் கயிற்றை இறுக்கி இழுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை உருவவில்லை. கொக்கியைக் கழற்ற அவனுக்கு மனமே வரவில்லை. கழற்றிவிட்டுச் சாய்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். தரைக்கு வந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். என் விரல்கள் கயிற்றைச் சுற்றி விறைத்துப்போய் விரியவில்லை, அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

பிறகு அவன் போனை எடுத்துத் தபால்காரரைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வைத்தான்.

"என்னடா, புது ஊரு எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"அண்ணே, அங்க இருக்கறப்ப நான் எப்பவாச்சும் முடிச்சைப் பாதியில விட்டிருக்கேனா?"

அவர் பதறினார். "யாருக்குடா என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சொல்லுங்கண்ணே."

"விட்டிருக்கே. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. ஏறப் போறப்ப உன்னை இடுப்புல பிடிச்சு ஒரு இழு இழுத்து அனுப்புவேன்ல, அது எதுக்குன்னு நினைச்சே?"

"விளையாட்டுக்குன்னு நினைச்சேன்."

"நீ பேசிக்கிட்டே கட்டுவே. நானும் பேச்சுக் கொடுத்துக்கிட்டே சரி பண்ணிடுவேன். சொன்னா உனக்குப் பயம் வந்துரும். உன்னை மாதிரி ஏறுறவனை நான் பார்த்ததில்லடா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த மனிதர் கெட்டவரில்லை. இத்தனை வருஷமாக இவன் பட வேண்டிய பயத்தையும் சேர்த்து அவரே பட்டிருக்கிறார். இவன் ஊர் மாறும்போது கயிறு, கொக்கி எல்லாம் கட்டிக்கொண்டு வந்தான். முடிச்சை இழுத்துப் பார்த்த அவருடைய கையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான், விட்டது தெரியாமலே. எனக்கு அவன் பூட்டைச் சொல்லிக்கொடுத்தான், பிடியைச் சொல்லிக்கொடுத்தான். முடிச்சைப் பார் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அவனுக்குத் தெரியாது.

வீட்டில், "ஏதாச்சும் ஆச்சா?" என்று என் மனைவி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல" என்றேன். அந்த வாரம் முழுக்க அவன் டீக்கு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். அவளுக்குச் சந்தோஷம், பிள்ளைக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்றாள்.

இனிமேல் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவனே பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். குவாரியில் வாய் திறக்காமல் முடிச்சுப் போட்டான். போட்டுவிட்டு, சட்டைக்குப் பொத்தான் போடச் சொல்லி நிற்கிற குழந்தை மாதிரி என் முன்னால் வந்து நின்றான். பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை மாமா."

இன்னொரு தடவை இழுத்தேன். "சரியா இருக்கு" என்றேன். ஏறினான். ஒவ்வொரு பிடிக்கும் நின்றான், ஒவ்வொரு தடவையும் குனிந்து இடுப்பைப் பார்த்தான். இரண்டு மாடி உயரத்துக்குக்கூடப் போகவில்லை. பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"மாமா, இறங்கிடட்டுமா?"

அவன் வந்த நாளிலிருந்து நான் கேட்க ஏங்கியது இந்த ஒரு வார்த்தையைத்தான். கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறிப் பார் என்று சொல்ல நினைத்தேன். கீழே நிற்கிறவன் அதை எந்த வாயால் சொல்வது?

"இறங்கு மாப்ள, நான் பிடிச்சிருக்கேன்" என்றேன். அவன் கயிற்றில் சாயவில்லை. பாறையை விடாமல், ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி இறங்கினான்.