மங்கை அக்காவின் மாலை டியூட்டி

முதலிலேயே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மங்கை அக்கா, மங்கையர்க்கரசி சிஸ்டர், இறந்த செய்தி வந்தபோது நான் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு குர்த்திக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். நடைபாதைக் கடை, போட்டிருக்கிற உடுப்பின் மேலேயே போட்டுப் பார்க்க வேண்டும். மீடியம் போதும் என்று நான் சொன்னேன். தோளுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று குர்த்தி சொன்னது. இரண்டு கைகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பையில் போன் அடித்தது. கடைக்காரப் பையாவே அதை எடுத்து, துணிக்கு மேலாக என் காதில் வைத்தார். "ஆன்ட்டி, மம்மி நஹீ ரஹீ" என்றாள் அக்காவின் மகள் செல்வி. டெல்லியில் பிறந்த பெண். என்னிடம் மட்டும் தட்டுத் தடுமாறியாவது தமிழில் பேசுவாள். அம்மா போய்விட்டாள் என்பதை அவளால் தமிழில் சொல்ல முடியவில்லை. காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், பிறகு எழுந்திருக்கவில்லை. நான் குர்த்திக்குள்ளேயே அழுதேன். கடைசியில் தையலைப் பிரித்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நாங்கள் சேர்ந்து படித்த அந்த இரண்டு வருடத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் சங்கரன்கோவில் பக்கம், நான் கும்பகோணம். இருவரும் டிப்ளமா நர்ஸ்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். இனிமேல் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் வார்டு இன்சார்ஜ் பதவி என்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆண்கள் வார்டை வருடக்கணக்காக நடத்திவந்தவர் அக்கா. பெயரளவில் அவர் இன்சார்ஜ் இல்லை. வேலையளவில் அவரைத் தவிர வேறு இன்சார்ஜ் இல்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு, "அப்போ நாளைக்கு ஒரு சின்னப் பிள்ளை வந்து எனக்கு பெட் போடச் சொல்லிக் குடுக்குமாக்கும்" என்றார். மறுநாளே கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போய்விட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டிப்ளமா முடித்தவர்களுக்கான சுருக்குவழிப் பட்டம் அது. மற்றவர்கள் நாலு வருடம் மெல்வதை நாம் இரண்டு வருடத்தில் விழுங்க வேண்டும். நேர்முகத்தில், இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்டார்கள். "இந்த வயசுல பேஷண்டைத் தூக்கலாம், புஸ்தகத்தைத் தூக்கக்கூடாதா?" என்று அக்கா தன் திருநெல்வேலி இந்தியில் திருப்பிக் கேட்டார். அதே கேள்வி எனக்கும் வந்தது. "அவங்க வந்தாங்க, நானும் வந்தேன்" என்றேன். இருவருக்கும் இடம் கிடைத்தது. எந்தப் பதில் எதற்காக எடுபட்டது என்று நான் ஆராயவில்லை.

இடத்தைவிடக் கஷ்டமானது மேட்ரனின் அனுமதி. எங்கள் மேட்ரன் கோட்டயத்துக்காரர். சிரித்தால் அன்று யாருக்கோ வேலை போய்விட்டது என்று அர்த்தம். காலையில் கல்லூரி, இரண்டு மணி முதல் எட்டு மணி வரை மாலை டியூட்டி என்று ஒத்துக்கொண்டார். ஆனால் டியூட்டியில் ஒரே ஒரு தவறு நடந்தாலும் அனுமதி ரத்து என்றார். எனக்கு அது வெறும் மிரட்டல். அக்காவுக்கு அப்படியில்லை. அவர் வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் குமாஸ்தா. ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு குடும்பம் நிற்கப்போவது அக்காவின் வேலையில்தான். வேலையை விட்டுவிட்டும் படிக்க முடியாது, படிக்காமல் அந்த வேலையில் தலைநிமிர்ந்து நிற்கவும் முடியாது.

"படிப்ப பஸ்ல ஏத்து, தூக்கத்த மெட்ரோவுல ஏத்து. வார்டுக்குள்ள மட்டும் வெறுங்கையா வா" என்பார். மெட்ரோவில் பெண்கள் பெட்டியின் தரையில் உட்கார்ந்து, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே கண்ணை மூடி, கதவு திறக்கிற சத்தத்தில் விழித்துக்கொள்வார். நோயாளி ஒவ்வொருவருக்கும் என்ன கவனிப்பு, ஏன், எப்போது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதை நான் அக்கா எழுதியதைப் பார்த்து எழுதினேன். அவருடையது கர்ப்பிணி கேஸ். என்னுடையது புரோஸ்டேட் ஆபரேஷன் ஆன தாத்தா. அந்தத் தாத்தாவுக்கு நான் பிரசவத் தேதி குறித்திருந்ததை ஆசிரியை வகுப்பில் உரக்கப் படித்தார். "சுகப்பிரசவமாடீ?" என்று அக்கா கேட்டார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. டெல்லியில் படுத்திருக்கிற நோயாளியிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் "ஹான் ஜி" என்றுதான் பதில் வரும். காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் ஆமாம் போட்டுவிடுவார். அதனால் மருந்து கொடுக்கும் முன் அக்கா தானாகப் பெயரைச் சொல்ல மாட்டார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்பார்.

கடைசிச் செய்முறைப் பரீட்சைக்கு முந்தைய வாரம். நான் பேன்ட்ரியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஊசித் தட்டோடு அக்கா உள்ளே வந்தார். தட்டை மேஜையில் வைத்தார்.

"ஏட்டி, சுரேஷான்னு கேட்டுட்டேன். அவன் ஹான் ஜின்னுட்டான்."

"அதனால என்னக்கா?"

"அவன் ரமேஷ்ளா. பக்கத்துக் கட்டில்காரன். கையத் தூக்கி, பஞ்சால தொடச்சு, ஊசிய கிட்ட கொண்டு போயிட்டேன். கையில கட்டியிருந்த பேர்ப் பட்டையப் பாத்துத்தான் நின்னேன்."

என் வாய் சும்மா இருக்குமா? "போடலையே! போட்டாத்தானே தப்பு? டீயைக் குடிங்க. யாரும் பாக்கலை."

"மேட்ரன்ட்ட சொல்லப்போறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? அடுத்த வாரம் பரீட்சை. இன்னிக்கு அனுமதி போச்சுன்னா ரெண்டு வருஷமும் போச்சு!"

"ரெண்டு பேரும் அடுத்தடுத்துக் கெடக்கான். ராத்திரி வாரவ என்னய விடத் தூக்கத்துல வருவா. கட்டில மாத்தணும். மேட்ரன் சொல்லாம மாத்த முடியாது. ஏன் மாத்தணும்னு கேப்பா."

"ஃபேன் காத்து படலைன்னு சொல்லுங்க."

"அது பொய்யில்லாம என்ன, மூதி?"

அக்கா உள்ளே போனதும் மேட்ரன் அறைக் கதவு மூடிக்கொண்டது. நான் கதவில் காதை வைத்தேன். உள்ளே ஓடிய ஏர்கூலர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வழியாக வந்த ஆயா, "க்யா ஹுவா சிஸ்டர்?" என்று கேட்டதும், காதில் வலி என்றேன். என் பயம் அக்காவுக்காக மட்டும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே அனுமதிக் கடிதம். வெளியே வந்த அக்கா, "காலைல கூப்பிட்டுச் சொல்லுதாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதி டியூட்டியைப் பார்க்கப் போனார். ரமேஷின் கட்டில் அந்த மாலையே ஜன்னல் பக்கம் போனது. அக்காவின் விஷயம் மட்டும் அந்தரத்தில் நின்றது. மறுநாள் கல்லூரியில் நான் தெர்மாமீட்டரைக் கீழே போட்டேன். அக்கா குனிந்த தலை நிமிராமல் குறிப்பெழுதினார். அவர் போன் மேஜைமேல் இருந்தது. அது ஒவ்வொரு முறை அதிர்ந்தபோதும் அவர் பேனா நின்றது, நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு முறை கேஸ் சிலிண்டர் கம்பெனி. மூன்றாவதுதான் மேட்ரன்.

அனுமதி ரத்தாகவில்லை. ஆனால் பரீட்சை முடியும்வரை அக்கா மருந்தைத் தொடக்கூடாது. துணிக் கிடங்கில் படுக்கை விரிப்பு எண்ண வேண்டும். வார்டையே ஆண்டவர் விரிப்பு எண்ணுகிறார் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அதில் பாதி என் வழியாகப் போனது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆறுதல் சொல்லலாம் என்று கிடங்குக்குப் போனேன். விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, இங்க நாற்காலி இருக்குடீ! ரெண்டு வருசத்துல இப்பத்தான் உக்காந்து படிக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் சிவந்திருந்தது.

அக்கா நல்ல மதிப்பெண்ணில் தேறினார். நான் தேறினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆண்கள் வார்டுக்கு அவரே இன்சார்ஜ் ஆனார். போன வாரம்வரை அவர்தான்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யோசிக்கிறேன். அவருடைய படிப்பு எனக்கு ஒட்டவில்லை, பொறுமையும் ஒட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. எவ்வளவு அவசரமானாலும் நோயாளியின் பெயரை நான் சொல்வதில்லை. கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். என் வாய் மூடியிருக்கும் ஒரே இடம் அதுதான். அதற்கு அக்காதான் காரணம்.

துக்கம் கேட்கப் போன வீட்டில் இந்தக் கதையைக் கொஞ்சம் மசாலா சேர்த்து எல்லாருக்கும் சொன்னேன். ஓய்வுபெற்றுவிட்ட மேட்ரனும் வந்திருந்தார், கடைசிவரை கேட்டார். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்று தன் அறைக்கு வரும் முன்பே மங்கை இரண்டு நோயாளிகளின் சார்ட்டையும் சரிபார்த்துவிட்டதாகவும், உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் சொன்னதாகவும் சொன்னார். ரமேஷுக்கும் சுரேஷுக்கும் அந்த வேளைக்கு எழுதியிருந்தது ஒரே ஊசி, ஒரே அளவு.