கொடைக்கானலுக்கு வாங்கிய புத்தகம்

டூர் போகிறவர்கள் எந்த கைடு புத்தகம் வாங்கலாம் என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குத் தாம்பரத்தில் ஒன்பது வேன் என் பெயரில் ஓடுகிறது. புரொபசர், டாக்டர் எல்லாம் என் ஆபீஸில் உட்கார்ந்து யோசனை கேட்பார்கள். கோயிலுக்குப் போகிறவரா, நடை திறக்கும் நேரம் போட்ட புத்தகம். சாப்பாட்டுப் பிரியரா, ஓட்டல் பெயர் உள்ள புத்தகம். ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நான்காவது படிக்கும்போதே இந்த வித்தை எனக்கு வந்துவிட்டது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

எண்பதுகளில் ஒரு மே மாதம். பெரியப்பா வேன் டிரைவர். அவருடைய முதலாளி நான்கு நாளைக்கு வண்டியைக் கொடுத்தார். எங்கள் குடும்பமும் பெரியப்பா குடும்பமும் கொடைக்கானல் போவதென்று முடிவாயிற்று. அம்மா அதுவரை கோவளத்துக்கு அப்பால் போனதில்லை. சேலையூரில் அவள் வேலை செய்த டீச்சர் வீட்டில் ஒரு நீல ஸ்வெட்டரை இரவல் வாங்கி வந்தாள். மே மாத வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து, வியர்க்க வியர்க்கச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பாவுக்கு அந்தப் பாதை புதிது. "வழி தெரியாம போயி மாட்டிக்கினா பேஜாரு. புக்கு ஒண்ணு வாங்கியாடா" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா, அம்மா, நான் மூவரும் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடைக்குப் போனோம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவன் நான் ஒருவன்தான். கடைக்காரர் மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் கோயில்கள், ஒன்றில் லாட்ஜும் ஓட்டலும், இன்னொன்றில் கலர் மேப். மூன்றிலிருந்தும் உரக்கப் படித்துக் காட்டினேன். போகிற வருகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

அம்மா என் காதருகே குனிந்தாள். "கண்ணு, வழியில பொம்பளைங்க ஒதுங்கறதுக்கு எங்கெங்க எடம் கீதுன்னு எதுலனாச்சும் போட்டுகீதா பாரு. இருந்தா அத்தயே வாங்கிக்கலாம்."

ரகசியம் காக்கிற வயதா அது? "அண்ணா, கக்கூஸ் போட்ட புக்கு கீதா? எங்கம்மா கேக்குது!" என்று கத்தினேன்.

"இன்னாம்மா, மலையப் பாக்கப் போறியா, இல்ல அத்தப் பாக்கப் போறியா?" என்றார் கடைக்காரர். டிக்கெட் வரிசையில் நின்றவர்கள்வரை சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்.

அப்பா சிரிக்கவில்லை. "வாய மூடிகினு வரமாட்டியா நீ?" என்றார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். மேப் புத்தகத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

புறப்படும் அன்று விடியற்காலை, புளிச்சோற்றைக் கட்டி வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "நான் வர்ல. வூட்ட யாரு பாத்துக்கறது?"

"வூட்ல இன்னா, தங்கமா கொட்டிக் கெடக்குது? வந்து ஏறு" என்றார் அப்பா.

"பகலு பூரா வண்டியில அடக்கிகினு குந்த என்னால ஆவாது. நீங்க போய்ட்டு வாங்க."

அப்பா கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். பெரியப்பா ஹாரன் அடித்தார். அம்மா அந்த ஸ்வெட்டரை எனக்கு மாட்டி, நீண்டு தொங்கிய கைகளை மடித்துவிட்டாள். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவள் வராததால் ஜன்னலோர சீட் எனக்குக் கிடைத்தது.

புத்தகம் நன்றாகவே உழைத்தது. ஒரு இடத்திலும் வழி தவறவில்லை. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, அப்பா, பெரியப்பா, நான், பெரியப்பா பையன்கள் எல்லோரும் ரோட்டோரம் வரிசையாக நின்றோம். பெரியம்மா மட்டும் இறங்கவே இல்லை. விழுப்புரத்தில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கினார்கள். பெரியம்மா தன் பாட்டிலை உதட்டில்கூட வைக்காமல் என் பக்கம் தள்ளிவிட்டாள். அதையும் சேர்த்துக் குடித்துவிட்டு, கலர் வேண்டாம் என்கிற மனுஷிகூட உலகத்தில் உண்டா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தேன்.